தில்லியைச் சுற்றிப் பார்த்த ஒரு ஞாயிறு

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்க்குத் தில்லியைச் சுற்றிக் காட்டுவதே அது. செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில் என்று பட்டியலோடுதான் அவர்கள் வண்டியேறுகிறார்கள். பட்டியலை நிறைவேற்றி, கரோல் பாக்கில் ஒரு கம்பளிச் சால்வையும் வாங்கிக் கொடுத்துத் திருப்பியனுப்பினால்தான் நமக்கு ஊரில் நற்பெயர். நாமும் இக்கடமையைப் பல முறை ஆற்றியிருக்கிறோம், சால்வையும் வாங்கியிருக்கிறோம். ஆனால் சென்ற மாசி மாதத்தில் வந்த நம் அத்தையாரின் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது இவற்றுள் எதுவும் அன்று.

"எந் தம்பி இருந்த எடத்த மொதல்ல காட்டுப்பா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அத்தையார் விழுப்புரத்தை அடுத்த ஒரு சிற்றூரினர். வயது எழுபதைக் கடந்து விட்டது. நம் தந்தையாரின் தமக்கை. 1976ஆம் ஆண்டில் தந்தையார் பிழைப்புத் தேடித் தில்லிக்குப் புறப்பட்டபோது விழுப்புரம் ஜங்ஷன் வரை வந்து, கட்டுச்சோற்று மூட்டையைக் கையில் கொடுத்து வழியனுப்பியவர் அவரே. அதன் பின் தம்பி ஊருக்கு வந்து பார்த்ததுண்டே தவிர, தம்பி வாழ்ந்த ஊரை அவர் கண்டதில்லை. வயல், மாடு, மக்கள் என்று காலம் போயிற்று. தந்தையார் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆன பிறகே அவருக்குத் தில்லிப் பிரயாணம் வாய்த்தது.

தம்பி இருந்த இடம் மதராசி கேம்ப். இப்பெயரை அறியாத தில்லித் தமிழர் இரார். நிஜாமுதீன் புகைவண்டி நிலையத்திற்கு அருகே, ஜங்புராப் பகுதியில், பாராபுல்லா ஓடைக் கரையில், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் ஒலித்த குடியிருப்பு அது. நாம் பிறந்ததும், தவழ்ந்ததும், தெருவிளக்கடியில் அமர்ந்து பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்ததும் அங்கேதான். ஓடையில் நீர் தடைப்பட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது என்பதனால், உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. வீடுகள் ஏறத்தாழ 370. அவற்றுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது, மற்றவர்க்கு இல்லை. வெள்ளம் தேங்கியது பொய்யன்று. அவ்வெள்ளம் முதலில் நுழைந்தது எங்கள் வீடுகளுக்குள்தான் என்பதால் அதனை நாம் மறுக்க இயலாது.

நம் அன்னையார்க்கு நரேலாவில் வீடு கிடைத்தது. இளைய தமையனோடு அங்கு வாழ்கிறார். நாம் இரயில்வே குடியிருப்பில் இருக்கிறோம். அத்தையார் வந்திறங்கியது இரவு நேரம். நிஜாமுதீன் நிலையத்திலிருந்து கேம்ப் இருந்த இடம் நடைதூரம்தான். ஆனால் அன்னையார், "இருட்டுல என்னா அண்ணி தெரியப் போவுது?" என்று சொல்லி அவரை விரைவாக நரேலாவுக்கு அழைத்துச் சென்று விட்டார். இடித்த நாளுக்குப் பின் அன்னையார் அப்பக்கம் கால் வைக்கவில்லை என்பதை நாம் அறிவோம். ஞாயிறன்று சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டபோதும், "நீங்க போயி காட்டுங்க. நான் புள்ளைங்களோட ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்கேன்" என்று முன்னரே உறுதி வாங்கிக் கொண்டார். ஆகவே கேம்ப் பட்டியலின் இறுதிக்குச் சென்றது.

நரேலா தில்லியின் வடமேற்கு எல்லை. ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோ மீட்டர். அன்னையார் முப்பது ஆண்டுகள் ஜங்புராவில் நான்கு வீடுகளில் வேலை பார்த்தவர். குடிபெயர்ந்த பின்னும் சில நாள் விடாமல் வந்து பார்த்தார். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று பேருந்திலேயே பகல் கழிந்தது. ஒரு நாள் மாலை வந்து, வேலைக்குக் கொண்டு போகும் பையைக் கழுவிக் காயப்போட்டார். மறுநாள் போகவில்லை.

பேருந்தைவிடப் புகைவண்டியே மேல் என்பது நம் கருத்து. இலாகாவைச் சேர்ந்தவர் என்பதால் விளம்பரம் செய்வதாக அன்பர்கள் எண்ண வேண்டா. நரேலா நிலையம் அம்பாலா மார்க்கத்தில் உள்ளது. பத்து ரூபாய்ச் சீட்டில் ஹோலம்பி கலான், பாத்லி, ஆதர்ஷ் நகர், ஆசாத்பூர், சப்ஜி மண்டி வழியாகப் பழைய தில்லி நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து செங்கோட்டை ஒரு நடைதான். அத்தையார், அன்னையார், நம் மனைவி, மக்கள் இருவர், நாம் என ஆறு பேர், தூக்குச்சட்டிகளில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் சுமந்து, காலை ஒன்பதரை மணிக்குக் கோட்டை வாயிலில் நின்றோம். திங்கட்கிழமை கோட்டை மூடப்பட்டிருக்கும். விருந்தினரை அழைத்துச் செல்வோர் இதனை நினைவிற் கொள்க. ஊரார் ஒருவரைத் திங்களன்று அழைத்துச் சென்று, மதிலை மட்டும் காட்டித் திரும்பிய அனுபவம் நமக்கு உண்டு.

செங்கோட்டையை ஷாஜஹான் 1639இல் தொடங்கி 1648இல் முடித்தான். அரசன் மக்களுக்குக் காட்சி தந்த மண்டபத்தையும், தனியே மந்திரிகளோடு இருந்த பளிங்கு மண்டபத்தையும் காட்டினோம். 1945, 1946ஆம் ஆண்டுகளில் இந்திய தேசிய இராணுவத்தினரை வெள்ளையர் விசாரித்தது இக்கோட்டையில் என்பதையும், அப்படையில் மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்த தமிழர் ஏராளம் என்பதையும் கூறினோம். அத்தையார் யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "எல்லாம் சரி. இத்தினி பேரு இருந்த ஊட்டுல அடுப்படி எங்க?" என்றார்.

எத்தனையோ வழிகாட்டிகளிடம் எத்தனையோ கேள்விகள் கேட்கப்பட்டிருக்கும். இக்கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலராகவே இருப்பர். நாம் அறிந்த வரையில் விடை சொன்னோம். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்து, அவ்விடத்தில் பட்டாளத்தார்க்கு நீண்ட கட்டிடங்கள் எழுப்பினர். இன்று நாம் காணும் மண்டபங்கள் எஞ்சியவை மட்டுமே.

"இதையுமா இடிச்சாங்க?" என்றார் அத்தையார். அன்னையார் தயிர்ச்சோற்றுத் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக் கொண்டார்.

கோட்டையின் எதிரில் மெட்ரோ ஏறி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஹுமாயூன் கல்லறைக்குச் சென்றோம். வழியில் பிறவற்றைப் பார்க்காமல் விட்டதற்கு நேரமின்மையே காரணம்.

இங்கு ஓர் உண்மையை ஒப்புக் கொள்ள வேண்டும். மதராசி கேம்பிலிருந்து இக்கல்லறை நடந்து செல்லும் தொலைவு. நாம் சிறுவயதில் இதன் மதிலோரம் பட்டம் பிடித்திருக்கிறோம். பள்ளியிலிருந்து ஒரு முறை உள்ளேயும் அழைத்துச் சென்றார்கள். நம் அன்னையாரோ, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பக்கத்தில் வாழ்ந்தும், வேலைக்குப் போய்வரும் வழியில் எத்தனையோ முறை இதனைக் கடந்தும், ஒரு நாளேனும் உள்ளே சென்றவர் அல்லர். "உள்ள போக எப்ப நேரம் இருந்திச்சு?" என்பதே அவர் விடை. இவ்விடத்தை விட்டு 40 கிலோ மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே வந்தார். சீட்டு 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட சிறுவர்க்கு இல்லை.

மேற்கு வாயிலைக் கடந்ததும் கட்டிடம் முழுவதும் ஒருங்கே கண்முன் வந்து நிற்கிறது. செந்நிறக் கல்லில் வெண்பளிங்கு இழைத்த சுவர். அதன்மேல் வெண்மையான பெருங்குவிமாடம். சுற்றிலும் நான்காகப் பகுத்த தோட்டம். நடுவே மெல்லிய வாய்க்கால்களில் ஓடும் நீர். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் பாரசீகச் சிற்பி மீரக் மிர்சா கியாஸ் என்பவரைக் கொண்டு கட்டுவித்தது. 1570ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. தாஜ்மகால் தொடங்கப்பட்டது இதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே. ஆக்ரா செல்ல இயலாத விருந்தினர்க்கு இதனைக் காட்டி, "இதைப் பார்த்துத்தான் அதைக் கட்டினார்கள்" என்று சமாதானம் கூறுவது நம் வழக்கம். 1993இல் இது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆகா கான் அறக்கட்டளையினர் தோட்டத்தையும் கட்டிடத்தையும் பல ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்டனர். கூரைமேல் இடைக்காலத்தில் ஏற்றப்பட்டிருந்த சிமெண்டுப் பூச்சை எடுத்துவிட்டு, பழைய முறைப்படி சுண்ணாம்புக் காரை பூசினர். நம் தந்தையார் தொழில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பது. அத்தையார் சுவரைத் தடவிப் பார்த்து, விரலை முகர்ந்து, "நல்ல சுண்ணாம்பு" என்றார்.

ஹுமாயூனின் கதையைச் சொல்லும் நிலை வந்தது. தந்தை பாபர் விட்டுச் சென்ற நாட்டை 1540இல் ஷெர்ஷாவிடம் இழந்து, சிந்து, பாரசீகம், காபூல் என்று பதினைந்து ஆண்டுகள் அலைந்தவன் அவன். 1555இல் தில்லியை மீட்டான். ஏறத்தாழ ஆறு மாதமே கழிந்தது. புரானா கிலாவில் நூல்நிலையப் படிகளில் தவறி விழுந்து 1556இல் மாண்டான். அவன் உடலும் உடனே ஓரிடத்தில் தங்கவில்லை. தில்லி பகைவர் கைக்குப் போனபோது உடலையும் வேற்றூர்க்குக் கொண்டு சென்றார்கள். நிலையாக அடங்கியது இக்கல்லறையில்தான்.

"பதினஞ்சு வருசமா? ராசாவுக்கா?" என்று அன்னையார் கேட்டார். அன்று காலையிலிருந்து அவர் கேட்ட முதற்கேள்வி அதுவே. அதன் பிறகு கேள்விகள் தொடர்ந்தன. கட்டியவர்கள் எங்கே தங்கினார்கள் என்றார். தென்மேற்கே உயர்ந்து நிற்கும் வாயிலைக் காட்டினோம். அது அரபு சராயின் வாயில். கல்லறையைக் கட்ட வந்த தொழிலாளர் தங்கிய இடம் என்று சிலரும், பேகம் அழைத்து வந்த அரபு நாட்டார் தங்கிய இடம் என்று சிலரும் சொல்கின்றனர். எவ்வாறாயினும் அயலூரிலிருந்து வந்தோர்க்கான குடியிருப்பு. வாயில் இன்றும் நிற்கிறது.

மொகலாய மரபின் கடைசி அரசர் பகதூர்ஷா ஜபர் 1857இல் வெள்ளையரிடம் பிடிபட்டதும் இவ்விடத்தில்தான். அவரை ரங்கூனுக்குக் கொண்டு சென்றார்கள். 1862இல் அங்கேயே உயிர் நீத்தார். ரங்கூன் என்றவுடன் அத்தையார் தலையை அசைத்தார். நம் பக்கத்து ஊர்களில் ரங்கூனுக்குப் போனவர் கதை இல்லாத வீடு எது?

1947இல் நாடு பிரிவினையுற்றபோது இக்கல்லறைத் தோட்டத்திலும் புரானா கிலாவிலும் ஆயிரமாயிரம் அகதிகள் கூடாரமடித்துத் தங்கினர் என்று நாம் கூறியபோது, மேடைப்படியில் அமர்ந்திருந்த அன்னையார் எழுந்து விட்டார்.

"இதுவும் கேம்பா இருந்திச்சா?"

"ஆம் அம்மா. இதுவும் கேம்ப்தான்."

"அவங்கள்லாம் எங்க போனாங்க?"

எல்லை கடந்தவர் ஒரு பகுதி என்றோம். மேற்கிலிருந்து வந்தோர்க்குத் தில்லியில் புதுக் குடியிருப்புகள் அமைந்தன. அன்னையார் நாள்தோறும் கண்ட லாஜ்பத் நகர் அவற்றுள் ஒன்று. அவர் வேலை பார்த்த வீட்டுப் பெரியம்மாள் ஒருவர் லாகூரிலிருந்து சிறுமியாக வந்தவராம்; ஒரு பித்தளைச் சொம்பை மட்டும் எடுத்து வந்ததாகச் சொல்வாராம். சொம்பைத் துலக்கியவர் நம் அன்னையார். இவ்விவரம் நாம் அறியாதது. முப்பது ஆண்டு அவ்வீட்டு வாசலில் அன்னையார்க்காகக் காத்து நின்றிருக்கிறோம். அச்சொம்பைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. ஜங்புராவின் கதையும் இதற்கு இனமானதே. யங் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரே ஜங் என்று திரிந்தது என்பர். புதுதில்லி கட்டப்பட்டபோது ரைசினாப் பக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கிராமத்தாரை அங்குக் குடியமர்த்தினர் என்றும் கூறுவர்.

கல்லறைக்கு அருகேயுள்ள சுந்தர் நர்சரியில் மரநிழலில் அமர்ந்து உண்டோம். புளிச்சோறு நன்றாக இருந்தது. மோர்மிளகாயை நம் மனைவி மறந்து விட்டாள் என்பது மட்டுமே குறை. இவ்விடம் புதுதில்லியின் சாலைகளுக்கு மரக்கன்றுகளை வளர்த்துப் பார்ப்பதற்கென வெள்ளையர் ஏற்படுத்தியது. 2018இல் பூங்காவாகத் திறந்தனர். மாசி மாதத்தில் பூக்களுக்குக் குறைவில்லை. மக்கள் இருவரும் அங்கேயே இருந்து விடலாம் என்றனர்.

அங்கிருந்து மதுரா சாலையோடு தெற்கே சென்றால் அப்துர் ரஹீம் கான்கானான் கல்லறை. ரஹீம் அக்பரின் தளபதி. பாபரின் வரலாற்றைப் பாரசீகத்தில் பெயர்த்தவர். இந்தியில் ஈரடிப் பாக்கள் இயற்றியவர். அவை பள்ளிப் பாடங்களில் இன்றும் உள்ளன. நம் மகள் இரண்டினை மனப்பாடமாக ஒப்பித்தாள். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டி வந்து நிற்பது இவ்வீரடிப் புலவர் உறங்கும் இடத்திற்கு அருகில்தான். இப்பொருத்தத்தைச் சீட்டு எழுதும் நாம் பல ஆண்டுகள் கவனிக்கவில்லை. 1598இல் மனைவிக்காக அவர் கட்டிய கல்லறை இது. 1627இல் அவரும் இங்கேயே அடக்கமானார். பின்வந்தோர் இதன் பளிங்கையும் செம்மணற்கல்லையும் பெயர்த்துச் சென்று சப்தர்ஜங் கல்லறைக்குப் பயன்படுத்தினர். பன்னெடுங்காலம் எலும்புக்கூடாக நின்றதை 2014 முதல் ஆறாண்டு உழைத்து ஓரளவு மீட்டிருக்கிறார்கள்.

மணி நான்கரை. இனிப் பட்டியலில் ஒன்றே மீதி.

பாராபுல்லா என்பது ஓடைக்குப் பெயர் கொடுத்த பழைய பாலம். ஜஹாங்கீர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரண்மனை அதிகாரி மிஹ்ர் பானு ஆகா கட்டுவித்தது. பன்னிரண்டு தூண்கள், பதினொரு வளைவுகள். ஆக்ராவிலிருந்து தில்லிக்கு வருவோர் இப்பாலத்தின் மீதுதான் வந்தனர். அன்று கீழே ஓடியது யமுனையிற் கலக்கும் தெளிந்த ஆறு, இன்று சாக்கடை. நாம் சிறுவராக இருந்தபோது பாலத்தின் மீது காய்கறிக் கடைகள் நிறைந்திருக்கும். தந்தையார் மாலையில் கத்தரிக்காய் பேரம் பேசுவார். 2024இல் கடைகளை அகற்றிப் பாலத்தைச் செப்பனிடத் தொடங்கினர். பாலம் இப்போது தன் முழு உருவில் தெரிகிறது.

அன்னையாரையும் மக்களையும் மனைவியோடு நிலையத்திற்குச் செல்லுமாறு கூறிவிட்டு, அத்தையாரை மட்டும் கரைக்கு அழைத்துச் சென்றோம். கரை வெட்டவெளியாகக் கிடந்தது. மேலே, 2010ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கென எழுந்த மேம்பாலத்தின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தவிர அடையாளம் ஏதுமில்லை.

"எது எந் தம்பி ஊடு?" என்றார் அத்தையார்.

நாம் பிறந்த இடம். கண்ணைக் கட்டி விட்டாலும் வழி தெரியும் என்று நண்பர்களிடம் கூறியிருக்கிறோம். கண் திறந்திருந்தும் அன்று தெரியவில்லை. சந்து இருந்தால் சந்தை வைத்துச் சொல்லலாம். குழாய் இருந்தால் குழாயை வைத்துச் சொல்லலாம். எல்லாம் போன பின் மண்தரையில் எதை வைத்து எதைச் சொல்வது? அத்தையார் காத்திருந்ததால் ஏதோ ஒரு திசையைக் காட்டினோம்.

"அங்க இல்ல" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. அன்னையார் வந்து நின்றார்.

அவர் நம்மைப் பார்க்கவில்லை. மேம்பாலத் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "அந்தத் தூணுக்கு நேரா, இந்தப் பக்கம். தூணு போடறப்ப ஒரு மாசம் தூங்கவே இல்ல. அப்புறம் அந்த நெழலுலதான் துணி காயப் போடுவேன். வாசப்படி இங்க. அவரு கயித்துக் கட்டில் இங்க" என்று காலால் கோடு கிழித்தாற்போல் நடந்து காட்டினார். நாம் காட்டிய இடத்திலிருந்து அறுபது எழுபது அடி தள்ளியிருந்தது.

அப்போது நிஜாமுதீனை நோக்கி ஒரு வண்டி ஊதிக் கொண்டு சென்றது. அத்தையார் நிமிர்ந்து பார்த்தார். "போன்ல பேசறப்பல்லாம் இந்தச் சத்தம் கேக்கும். ரயிலடியில நின்னு பேசறானாக்கும்னு நெனச்சுக்குவேன். ஊட்டுலேருந்தேதான் பேசினானா?" என்றார்.

"ஊட்டுலேருந்துதான் அண்ணி."

அத்தையார் அன்னையார் சுட்டிய இடத்தில் அமர்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார். அன்னையாரும் அருகில் அமர்ந்தார். பக்கத்து வீட்டார் சேலத்துக்கே திரும்பியது, எதிர்வீட்டார்க்கு நரேலாவில் இடம் கிடைக்காமல் வேறிடத்தில் வாடகைக்குப் போனது, கடைசி வீட்டுப் பெண்ணின் திருமணம் நின்று பின் நடந்தது என்று ஒவ்வொரு வீடாகக் கை காட்டிச் சொல்லிக் கொண்டே போனார். எட்டு மாதமாக அவர் இவ்வளவு பேசி நாம் கேட்டதில்லை. மனைவியும் மக்களும் எங்களைத் தேடிக் கொண்டு பாலத்தின் பக்கமாக வந்து சேர்ந்தார்கள். மகன், "இங்கே என்ன இருக்கிறது பார்க்க?" என்றான். மகள் அவனைக் கிள்ளினாள்.

இருட்டுவதற்குள் புறப்பட வேண்டியிருந்தது. நரேலாவுக்கு இரண்டு மணி நேரம். குதுப் மினாரும் தாமரைக் கோயிலும் எஞ்சி விட்டன. அத்தையார்க்குத் திரும்பும் சீட்டு மறு வாரத்திற்கே எடுத்திருந்தோம். வண்டியில் உட்கார்ந்ததும் அவர், "அடுத்த ஞாயித்துக்கெழம அந்த மினாரப் பாத்துடலாம். சாயங்காலம் இங்கயும் ஒரு நட வந்துட்டுப் போவலாம்" என்றார். வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த அன்னையார், "சாயங்காலம் வேணாம் அண்ணி. காலையிலேயே வந்துடலாம், வெயிலுக்கு முன்ன" என்றார்.